தராசடியில் தொடங்கும் கணக்கு: ஒரு நண்டுக் கம்பெனியில் தகவல் அமைப்பு

இராமநாதபுரம் கடற்கரையில் நண்டு வாங்கிச் சதை எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு பழைய தலைவலி உண்டு. நண்டு வாங்குவது தினமும் காலையில். லாபமா நட்டமா என்று தெரிவது மாதக் கடைசியில். நடுவில் உள்ள நாட்களை அனுபவத்தை நம்பித்தான் ஓட்ட வேண்டும். பொருள் ஒரே நாளில் கெட்டுப்போகிற தொழிலில் தகவல் மட்டும் ஒரு மாதம் கழித்து வந்து சேர்கிறது. இந்த நிகழ்வு ஆய்வு அந்தத் தாமதத்தைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் கம்பெனி, இந்தக் கரையில் இந்தத் தொழில் நடக்கும் விதத்தை வைத்துக் கட்டிய ஒரு மாதிரி. விலையும் எடையும் கணக்கு புரிவதற்காகப் போட்ட எண்கள். ஆண்டுகளும் விதிகளும் உள்ளபடி உள்ளவை.

தொழிலின் போக்கு

மண்டபத்திலிருந்து வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று பாக் விரிகுடாவை ஒட்டிப் போகும் கரைதான் களம். நீலக்கால் நண்டுக்குப் பேர்போன கடல் அது. மாலையில் வலை விட்டு வருவார்கள், காலையில் போய் எடுப்பார்கள். கரைக்கு வந்ததும் பெண்கள் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கழற்றுவார்கள். அங்கேயே எடை போட்டு வாங்கி, ஐஸ் வைத்து, வேனில் ஏற்றி, வேக வைத்துச் சதை எடுக்கும் கூடத்துக்குக் கொண்டு போக வேண்டும். கூடத்திலும் பெண்கள்தான் வேலை செய்கிறார்கள். எடுத்த சதை தரம் பிரிக்கப்பட்டு, டப்பாவில் அடைத்துப் பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

நம் கம்பெனிக்கு நான்கு ஊர்களில் கொள்முதல் இடம், ஒரு கூடம், இரண்டு வேன். நடத்துகிறவர் அப்பாவிடமிருந்து தொழிலை எடுத்துக்கொண்ட மகன். கணக்கப்பிள்ளை மட்டும் அப்பா காலத்து ஆள். எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறோம், யார் போன தீபாவளிக்கு வாங்கியதை இன்னும் கழிக்கவில்லை என்பதெல்லாம் நோட்டைத் திறக்காமலே சொல்லுவார்.

வரத்து சீராக இருக்காது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களில் என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது; நாட்டுப்படகு போகும். காற்று கெட்டால் யாரும் போக மாட்டார்கள். ஆக, திங்கட்கிழமை வரத்தையும் செவ்வாய்க்கிழமை வரத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால், கிடைக்கும் எண் எந்த நாளுக்கும் பொருந்தாது. பின்னால் வரும் பல விஷயங்கள் இதில்தான் போய் முட்டுகின்றன.

கம்ப்யூட்டர் இருந்தது, தகவல் இல்லை

கம்பெனியில் கம்ப்யூட்டர் இல்லாமல் இல்லை. டாலி என்ற கணக்கு மென்பொருள் இருந்தது, அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வரவு, செலவு, வங்கி, வரி எல்லாம் ஆடிட்டர் கேட்டபடி வந்தன. ஆனால் முதலாளிக்குத் தினமும் தேவைப்பட்ட கேள்விகள் வேறு. இன்று எந்த ஊரில் வாங்கிய நண்டு சதை கொடுத்தது? நாளைக்கு எத்தனை பார் ஐஸ் சொல்லி வைக்கட்டும்? போன வாரம் போன டப்பாவில் குறை என்று வாங்கியவர் எழுதியிருக்கிறாரே, அது எந்த நாள் நண்டு? இவற்றுக்குப் பதில் டாலியில் இருக்க வாய்ப்பில்லை. அந்த விவரத்தை யாரும் அதில் ஏற்றவே இல்லை.

பாடப்புத்தகம் தகவல் அமைப்புக்கு ஐந்து உறுப்புகள் சொல்லும்: வன்பொருள், மென்பொருள், தரவு, மனிதர்கள், நடைமுறை. வலையமைப்பை ஆறாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள். ஒரு தொழிலுக்குள் நுழைந்து பார்க்கும்போது எந்த உறுப்பில் பழுது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. இங்கே முதல் இரண்டும் நன்றாக இருந்தன. கடைசி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதற்குச் சாட்சி, கொள்முதல் இடத்தில் எழுதும் சிட்டை.

ஒரு சிட்டையை எடுத்துப் பார்ப்போம். உள்ளங்கை அகலத் துண்டுக் காகிதம். ஈரக்கை பட்டு மை பாதி பரவியிருக்கிறது. அதில் இருப்பது இவ்வளவுதான்: "சூசை. 14½. பெ. 2 கழிவு." சூசை யார்? அந்தக் கரையில் அந்தப் பெயரில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். பதினாலரை என்பது கழிவு போக நின்ற எடையா, போவதற்கு முன் இருந்த எடையா? 'பெ' என்றால் பெரிய நண்டு. எந்த அளவுக்கு மேல் பெரியது என்பது ஊருக்கு ஊர் மாறும். நேரம் இல்லை. விலையும் இல்லை, ஏனென்றால் அது சாயங்காலம்தான் முடிவாகும். எடை போட்டவருக்கு எல்லாமே தெரியும், அதனால் எழுதவில்லை. இரவு எட்டு மணிக்கு நான்கு ஊர்ச் சிட்டையும் கட்டாக வந்து சேரும்போது கணக்கப்பிள்ளை தன் நினைவை வைத்து அந்த ஓட்டைகளை அடைப்பார். அவர் அடைக்கும் வரைக்கும் அது வெறும் தரவு. அடைத்த பிறகுதான் தகவல். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கம்பெனிக்குக் கண் கட்டிவிடும்.

மாற்றம் எங்கே தொடங்கியது

இப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் நடப்பது இன்னொரு மென்பொருள் வாங்குவது. இந்தக் கம்பெனியும் விலைப்பட்டியல் வரை போனது. ஆனால் முதலில் ஒரு வேலை செய்தார்கள், அதுதான் காப்பாற்றியது. முதலாளி தினமும் எடுக்கும் முடிவுகளை ஒரு தாளில் எழுதினார்கள். என்ன விலை சொல்வது, எவ்வளவு ஐஸ் வாங்குவது, வேன் எந்த வழியாகப் போவது, கூடத்துக்கு எத்தனை பேரை வரச்சொல்வது, யாருக்கு முன்பணம் கொடுப்பது. ஒவ்வொரு முடிவுக்கும் எந்த விவரம், எத்தனை மணிக்குள் வேண்டும் என்று பக்கத்தில் குறித்தார்கள். எந்த முடிவையும் மாற்றாத விவரத்தைச் சேகரிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். தகவல் அமைப்பைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த ஒரே விதியும் இதுதான்: இதைத் தெரிந்துகொண்டால் யார், எந்த முடிவை, எப்படி மாற்றுவார்? பதில் இல்லாத இடத்தில் திரையும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம்.

அப்புறம்தான் பதிவு நடக்கும் இடத்தை மாற்றினார்கள். இரவில் அலுவலகத்தில் ஏற்றியதைக் காலையில் தராசடிக்குக் கொண்டுவந்தார்கள். எடை போடுகிறவர் கையில் ஒரு கைபேசி, அதில் ஒரு படிவம். கணக்கப்பிள்ளை முகத்துக்கு நேரே கேட்டார்: "எடை போடுற பையன் நண்டப் பாப்பானா, போனப் பாப்பானா தம்பி?"

நியாயமான கேள்வி. எடை போடும்போது ஒரு கை தராசில், இன்னொரு கை கூடையில், சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் அவசரத்தில். பதினைந்து விவரம் கேட்கும் படிவத்தை அங்கே யாரும் நிரப்ப மாட்டார்கள். நிரப்பினாலும் வாய்க்கு வந்ததை அடிப்பார்கள். எனவே படிவத்தை ஐந்து தொடுதலுக்குக் குறைத்தார்கள்: படகு, தரம், எடை, கழிவு, முடிந்தது. தேதி, நேரம், ஊர், எடை போட்டவர் பெயர் எல்லாம் கைபேசியே எடுத்துக்கொள்ளும். சிக்னல் இல்லாவிட்டால் உள்ளே வைத்திருந்து கிடைத்ததும் அனுப்பும். இந்தக் கரையில் அந்த வசதி இல்லாமல் எதுவும் ஓடாது.

படகைப் பெயரால் எழுதுவதை நிறுத்தினார்கள். பதிவான படகுகளின் பக்கவாட்டில் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கும் எண் எழுதியிருக்கும். அதுவே படகின் அடையாளம். சூசை எத்தனை பேர் இருந்தாலும் எண் ஒன்றுதான். தரத்துக்கும் ஊர்வாரி வழக்கத்தை விட்டு, எல்லா இடத்துக்கும் ஒரே பட்டியல்: பெரியது, நடுத்தரம், சிறியது, சினை நண்டு, ஒதுக்கல். பெரியதற்கும் நடுத்தரத்துக்கும் எல்லை எத்தனை கிராம் என்று கணக்கப்பிள்ளையே உட்கார்ந்து தீர்மானித்தார். இந்தப் பட்டியலை ஒட்டித்தான் அதிகச் சண்டை நடந்தது, அதிகப் பலன் கிடைத்ததும் இதில்தான். மென்பொருளை மாற்றுவது எளிது. நான்கு ஊர் ஆட்களும் ஒரே நண்டை ஒரே பெயரால் சொல்ல வைப்பது அவ்வளவு லேசில்லை.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. நடுத்தர விலைக் கைபேசிகள், கையடக்கச் சீட்டு அச்சிடும் கருவி, பின்னால் ஒரு கூகுள் ஷீட். கருவிகளை உப்புக்காற்று சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் ஊருக்கு ஒன்று உபரியாக வாங்கி வைத்தார்கள். பழைய சிட்டைப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல், கைபேசி கைவிட்டால் எழுதுவதற்கு என்று அங்கேயே வைத்திருந்தார்கள்.

மலிவான நண்டு, விலை கூடிய சதை

தராசடிப் பதிவு, பாடப்புத்தக மொழியில், பரிவர்த்தனைச் செயலாக்க அமைப்பு. நடந்ததை நடந்தபடி குறிப்பது அதன் வேலை. அதன் மேல் நிற்பது மேலாண்மைத் தகவல் அமைப்பு: பதிவுகளைக் கூட்டி, பிரித்து, ஒப்பிட்டுக் காட்டும். இந்தக் கம்பெனியில் அப்படி வந்த முதல் உருப்படியான அறிக்கை சதை விகிதம். ஊர்வாரியாக வாங்கிய நண்டையும், கூடத்தில் அதிலிருந்து எடுத்த சதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது.

இரண்டு ஊரை எடுத்துக்கொள்வோம். முதல் ஊரில் நண்டு கிலோ 400 ரூபாய். 100 கிலோவில் 28 கிலோ சதை வந்தது. இரண்டாம் ஊரில் கிலோ 380. 100 கிலோவில் 25 கிலோ சதை. கொள்முதல் விலையை மட்டும் பார்த்த வரைக்கும் இரண்டாம் ஊர் லாபம், கிலோவுக்கு 20 ரூபாய் மிச்சம். சதைக் கணக்கில் 40,000-ஐ 28-ஆல் வகுத்தால் சுமார் 1,429. 38,000-ஐ 25-ஆல் வகுத்தால் 1,520. மலிவாக வாங்கிய நண்டின் சதை கிலோவுக்கு ஏறக்குறைய 91 ரூபாய் கூடுதலாக விழுந்திருக்கிறது.

முதலாளி உடனே இரண்டாம் ஊரில் விலையைக் குறைக்கப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தடுத்தார். "கடல் ஒண்ணு, நண்டு ஒண்ணு. அங்க மட்டும் எப்படிச் சதை குறையும்? போய்ப் பாத்துட்டு வருவோம்." போய்ப் பார்த்தால் காரணம் வேனில் இருந்தது. வேன் முதலில் ஏற்றுவது அந்த ஊர் நண்டை. பிறகு மற்ற மூன்று ஊரும் சுற்றிவிட்டுத்தான் கூடத்துக்கு வரும். அடியில் கிடக்கும் அந்த நண்டுக்கு வைத்த ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடும். சதை குழைந்து, எடுக்கும்போது வீணாகிறது. வேனின் வழியைத் திருப்பிப் போட்டார்கள். புதிய வழியில் வேன் முதலில் ஏற்றும் ஊரில் கூடுதல் ஐஸ் வைத்தார்கள். விலையைக் குறைத்திருந்தால் அந்த ஊர்ப் படகுகள் வேறு கம்பெனிக்குப் போயிருக்கும், சதையும் கூடியிருக்காது.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். அறிக்கை காரணத்தைச் சொல்லாது. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். கரைக்குப் போகிற கால் நின்றுவிட்டால் எண்கள் தவறான முடிவை இன்னும் வேகமாக எடுக்க வைக்கும்.

மூன்றாம் படி, முடிவு ஆதரவு அமைப்பு: 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று கேட்டுப் பார்க்கும் வசதி. இந்தக் கம்பெனிக்கு அது ஐஸ் கணக்கு என்ற அளவில்தான் வந்திருக்கிறது. நாளை விசைப்படகு நாளா, நாட்டுப்படகு நாளா, கடல் எப்படி இருக்கும் என்பதோடு முந்தைய வரத்தைச் சேர்த்து, எத்தனை பார் என்று ஒரு மதிப்பீடு தரும். கடல் நிலவரம் வெளியிலிருந்து வருகிறது. ஹைதராபாத்தில் 1999 முதல் இயங்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் அலை, காற்று முன்னறிவிப்பைக் கொடுக்கிறது. செயற்கைக்கோள் காட்டும் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கிடைக்கக்கூடிய இடங்களையும் சொல்கிறது. பாம்பனில் 2016 முதல் 90.4-ல் ஒலிக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே இயங்குகிறது. ஒரு தொழிலின் தகவல் அமைப்பு அதன் நான்கு சுவருக்குள் முடிவதில்லை. ஆனாலும் ஒரு தடைக்காலமும் ஒரு வாடைக்காலமும் முழுசாகப் பதிவாகாமல் இந்த மதிப்பீட்டை நம்பக் கூடாது.

டப்பாவிலிருந்து கரை வரை

ஏற்றுமதித் தொழிலில் தகவல் அமைப்பு விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லை. அமெரிக்காவின் கடலுணவுப் பாதுகாப்பு விதி 1997 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. ஆபத்து நேரக்கூடிய கட்டங்களைக் கண்டறிந்து, அங்கே வெப்பம், நேரம் போன்றவற்றைக் கண்காணித்துப் பதிந்து வைக்கச் சொல்கிறது அது. குளிர்நிலைப் பொருளுக்குக் குறைந்தது ஓராண்டு, உறைநிலைப் பொருளுக்கு இரண்டாண்டு அந்தப் பதிவேடு இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கடலில் பிடித்த மீனுக்குப் பிடிப்புச் சான்று கேட்கிறது. நம் நாட்டில் அதைச் சரிபார்த்துக் கொடுப்பது கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம். காகிதம் தவறினால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

குறை என்று கடிதம் வந்த அந்தப் பழைய டப்பா விஷயத்தில், எந்த நாள் நண்டு என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகுதி எண் உண்டு. சதைத் தட்டிலும் டப்பாவிலும் அந்த எண் தொடர்ந்து வருகிறது. இதற்காகக் கூடத்தின் வேலை முறையையே மாற்ற வேண்டியிருந்தது. கணக்கில் நான்கு ஊரைப் பிரித்துவிட்டு, வேக வைக்கும்போது ஒரே பாத்திரத்தில் கொட்டினால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆக நான்கு நிறக் கூடைகள் வந்தன, வேக வைப்பதும் ஊர்வாரியாக. வரத்துக் குறைந்த நாளில் இரண்டு ஊரைச் சேர்த்து வேக வைப்பார்கள். அன்றைக்குத் தொகுதியில் இரண்டு ஊர் என்றே பதிவாகும்.

கடலில் இருந்தவருக்கு என்ன கிடைத்தது

தகவல் தொழில்நுட்பத்தையும் மீனவரையும் பற்றிப் பேசும் இடத்தில் கேரள ஆய்வு ஒன்று தவறாமல் வரும். பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்டது. வட கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைபேசி பரவியபோது மத்திச் சந்தையில் நடந்ததை அவர் அளந்தார். கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் நல்ல விலை என்று கேட்டு அங்கே ஒதுங்க முடிந்தது. ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது, விற்காமல் கொட்டும் மீன் அறவே நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூட, வாங்குகிறவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது.

அந்தப் பலன் நம் கரையில் அப்படியே கிடைக்குமா என்றால், எல்லோருக்கும் கிடைக்காது. வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கியவர், கொடுத்தவரிடம்தான் நண்டைப் போட வேண்டும். பக்கத்து ஊரில் கிலோவுக்கு முப்பது ரூபாய் கூட என்று போனில் தெரிந்தாலும் அவரால் அங்கே போக முடியாது. அவருக்கு விலைத் தகவல் இருக்கிறது, முடிவெடுக்கும் உரிமை இல்லை. முன்னால் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: இதைத் தெரிந்துகொண்டு அவர் எந்த முடிவை மாற்றுவார்?

அவருக்கு உபயோகப்படும் தகவல் வேறு: தன் பேரில் எவ்வளவு கடன் நிற்கிறது, தினமும் எவ்வளவு கழிகிறது என்பது. அது இதுவரை கணக்கப்பிள்ளையின் நோட்டில் மட்டும் இருந்தது. இப்போது தராசடியில் அச்சாகும் சீட்டில் அன்றைய எடை, கழிவு, முந்தின நாள் விலைப்படி வரவானது, முன்பணத்தில் மீதி என நான்கு வரி தமிழில் வருகிறது. முதலாளி இதற்குத் தயங்கினார். கணக்கு வெளியே தெரிந்தால் தினம் தகராறு என்று நினைத்தார்.

தகராறு வந்தது உண்மை. ஆனால் அன்றன்றைக்கே வந்து அன்றன்றைக்கே தீர்ந்தது.

"தம்பி, நேத்து ரெண்டு கிலோ கழிச்சிருக்க. ஒரு கிலோன்னுதான சொன்ன?"

"இருங்கக்கா, பாத்துச் சொல்றேன். ஆமாக்கா, ஒண்ணுதான். மாத்திடுறேன்."

முன்பு இதே ஒரு கிலோ, வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பெரிய சண்டையாக வெடித்திருக்கும். இன்னொரு பலனும் உண்டு. சீட்டைப் படித்துத் தவறைச் சொல்லும் படகுக்காரர்களால் பதிவு தானாகவே சுத்தமாகிறது. தரவு கொடுக்கிறவருக்குத் திரும்ப ஒன்று கிடைத்தால் அவரே அதைச் சரிபார்க்கிறார். எந்தச் சம்பளக்காரரும் அந்த அக்கறையோடு பார்க்க மாட்டார்.

கடன் விவரம் என்பதால் யார் எதைப் பார்க்கலாம் என்பதும் முடிவானது. எடை போடுகிறவர் தன் ஊர்ப் படகுகளை மட்டும் பார்க்க முடியும். முழுப் பேரேடு இரண்டு பேரிடம். படகுக்காரர்களின் ஆதார் நகலைக் கைபேசியில் சேர்த்து வைக்கும் பழக்கத்தை நிறுத்தினார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவருடைய கடன் ஊருக்கே தெரிவது தப்பு.

கணக்கப்பிள்ளையின் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். நடந்தது வேறு. இரவு சிட்டை ஏற்றும் வேலை போனது. காலையில் நான்கு ஊர்ப் பதிவையும் பார்த்து, வழக்கத்துக்கு மாறான எண்ணைப் பிடித்து, போன் போட்டுக் கேட்பது அவர் வேலையாகிவிட்டது. ஒரு படகு வழக்கத்தைவிட மூன்று மடங்கு எடை காட்டினால், அது நல்ல பிடிப்பா, தட்டச்சுப் பிழையா, இரண்டு படகு நண்டை ஒன்றாகப் போட்டார்களா என்று அவருக்குத்தான் ஊகிக்கத் தெரியும்.

இன்னும் பதிவுக்குள் வராத ஒரு கணக்கு இருக்கிறது: கூடத்தில் சதை எடுக்கும் பெண்களின் கூலி. எடுத்த எடைக்குத்தான் கூலி என்பதால் ஒவ்வொருவர் எடையும் தினமும் குறிக்கப்படுகிறது, ஆனால் மேற்பார்வையாளர் நோட்டில் மட்டும். வாரக் கடைசியில் அவர் சொல்லும் தொகைதான் தொகை. சீட்டு அச்சிடும் கருவி பத்தடி தூரத்தில் இருக்கிறது. கூடத்திலும் ஒரு தராசும் ஒரு கைபேசியும் வைத்து, கரையில் படகுக்குக் கொடுக்கும் அதே நான்கு வரிச் சீட்டை இவர்களுக்கும் கொடுக்கலாம். அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று கம்பெனியின் தாளில் எழுதியிருக்கிறது.